பெட்டி மேல் கிடந்த துண்டு

காசிமேட்டில் எந்த லாஞ்சில் ஏறினாலும் டிரைவர் உட்காரும் கேபினில் ஒரு துண்டைப் பார்க்கலாம். அது அவர் தோளிலும் இருக்காது, தலையிலும் இருக்காது. சுக்கானுக்கு மேலே மாட்டியிருக்கும் சின்னப் பெட்டி ஒன்றின் மேல் கிடக்கும். அந்தப் பெட்டிதான் ஜிபிஎஸ். கடலில் நாம் நிற்கும் இடத்தை நம்பராகக் காட்டும். வெயில் படாமல் இருக்கத்தான் மூடி வைத்திருக்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைத்துக்கொண்டு இறங்கிப் போனால் எங்களுக்கு நிம்மதி.

லாஞ்சு என்று நாங்கள் சொல்வது மீன்பிடி விசைப்படகை. நான் இருபது வருடத்துக்கும் மேலாக அதை ஓட்டுகிறேன். மீன் கிடைக்கும் இடத்தைப் பாயிண்ட் என்போம். ஒரு டிரைவரின் மதிப்பு அவன் மண்டையில் இருக்கும் பாயிண்ட்களில்தான் இருக்கிறது. லாஞ்சு ஓட்டுவதற்கு காசிமேட்டில் எத்தனையோ பேர் கிடைப்பார்கள். எங்கே போய் வலை இறக்குவது என்று தெரிந்தவனைத்தான் ஓனர்கள் தேடிப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அதனால்தான் துண்டு. ஐஸ் ஏற்றுகிறவர், என்ஜின் பார்க்கிற மெக்கானிக், பக்கத்து லாஞ்சிலிருந்து தீப்பெட்டி கேட்டு வருகிறவர் என்று யார் ஏறினாலும் முதலில் கை துண்டுக்குத்தான் போகும். குழந்தை முகத்தைத் தாய் முந்தானையால் மூடுவது போல மூடிவிடுவோம்.

வயர்லெஸ்ஸில் பொய் சொல்வதும் எங்களிடம் தப்பில்லை. வடக்கே நிற்கிறவன் தெற்கே நிற்கிறேன் என்பான். சங்கரா மீனும் வஞ்சிரமும் வலையின் மடி நிறைய ஏறிக்கொண்டிருக்கும்போதே, "ஒன்னியும் இல்லபா, வெறும் சொறி மீனு, வலைய கழுவிகினு கீறேன்" என்பான். கேட்கிறவனும் அதை நம்ப மாட்டான். நம்பாதது சொல்கிறவனுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பார்கள், சொல்வார்கள். கரைக்கு வந்தால் அதே ஆட்கள் ஒரே கிளாஸில் டீயை மாற்றி ஊற்றிக் குடிப்பார்கள்.

நான் பொய் சொன்னதில்லை. நல்லவன் என்பதால் இல்லை, பேசவே வெட்கம். வயர்லெஸ்ஸில் யாராவது கூப்பிட்டால் மைக்கைக் கையில் எடுப்பேன், "ம்" என்பேன், வைத்துவிடுவேன். அதனால் மற்ற டிரைவர்கள் என்னை ஊமை டிரைவர் என்பார்கள். திருவொற்றியூரில் நகராட்சிப் பள்ளியில் ஒன்பதாவது வரை படித்தேன். அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் எழுந்து நின்று தரையைப் பார்ப்பேன்.

என்னிடம் இருந்த பாயிண்ட்களில் ஒன்று பெரியது. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் பார்வையிலிருந்து மறைந்து, அதற்கப்புறமும் பல மணி நேரம் வடக்கே ஓட வேண்டும். அங்கே கடலுக்கடியில் கல் வரிசை இருக்கிறது. கல் இருந்தால் மீன் அண்டும். கல் இருந்தால் வலையும் கிழியும். அதனால் அந்தப் பக்கம் யாரும் வலை இறக்குவதில்லை. நான் நாலு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வலையைக் கிழித்துக்கொண்டு தெரிந்துகொண்டது இதுதான்: அந்தக் கற்களுக்கு நடுவே சேறு நிறைந்த ஒரு சந்து இருக்கிறது. ராயபுரத்தில் இருக்கிற முட்டுச் சந்து மாதிரிதான். தெற்கே வாய் அகலம், வடக்கே அடைப்பு. தெற்கேயிருந்து நுழைந்து வலையை இழுத்துக்கொண்டு போய், அடைப்பு வருவதற்கு முன்னால் கிழக்கே திரும்பினால் வெளியே வந்துவிடலாம். மடி நிறைய சங்கரா இருக்கும். வேறு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கல்.

இந்த இடம் எனக்கும் என் லாஞ்சின் ஆட்களுக்கும் மட்டும் தெரியும். ஆட்களுக்கும் இடம் தெரியுமே தவிர நம்பர் தெரியாது. நான் அதை எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. கரைக்குத் திரும்பும்போது பெட்டியில் பதிவான தடத்தையும் அழித்துவிடுவேன்.

இது நடந்த வருடம் கேமரா வைத்த செல்போன் எங்கள் பக்கம் வந்த புதிது. என் மனைவியின் தம்பி என் லாஞ்சில்தான் வேலை செய்கிறான். அவன் பர்மா பஜாரில் ஒரு போன் வாங்கி வந்தான். அன்றிலிருந்து அவன் மீனைப் பார்த்தாலும் படம், மேகத்தைப் பார்த்தாலும் படம். தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய கடைசி டிரிப்பில், பெரிய பாயிண்ட்டில் நல்ல மீன் ஏறியது. காலை வெளிச்சம். எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். அவன் கேபின் வாசலில் வந்து நின்றான்.

"மாமா, இந்தாண்ட பாரு."

"வேணாம்டா."

"அட பாரு மாமா. உன் பொண்ணுதான் கேட்டுச்சு. நைனா லாஞ்சு ஓட்டுற மாதிரி ஒரு போட்டோ வேணுமாம், காலேஜ்ல காட்டணுமாம்."

பெண் கேட்டாள் என்றதும் எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. என்னுடைய போட்டோ என்று வீட்டில் இருப்பது இரண்டுதான். கல்யாண போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். ரேஷன் கார்டில் யாரோ அடித்து உட்கார வைத்தது போல இருப்பேன்.

"மூஞ்ச தொடச்சிக்க மாமா. எண்ணெ வழியுது, வடச்சட்டி கணக்கா."

கைக்கு எட்டிய துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிரித்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவன் எடுத்துக்கொண்டான்.

தடைக்காலம் நாற்பத்தைந்து நாள். மீன் இனப்பெருக்கத்துக்காக அரசாங்கம் லாஞ்சுகளை நிறுத்தி வைக்கும் காலம். வலையைச் சீர் பார்த்தோம், லாஞ்சுக்குப் பெயிண்ட் அடித்தோம். வீட்டில் நான் இருந்தது மனைவிக்குத்தான் பேஜார். "கடலுக்குப் போனாத்தான் இந்த மனுசன் ஞாபகம் வருது, வூட்ல இருந்தா இருக்கறதே தெரியல" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். பெண் காலேஜில் முதல் வருடம் முடித்திருந்தாள். சாயங்காலம் ஆனால் நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கும் பிரௌசிங் சென்டருக்குப் போவாள். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிறாள் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தடை முடிந்து முதல் டிரிப். விடியும் நேரத்தில் பெரிய பாயிண்ட்டை நெருங்கினோம். பெட்டியின் துண்டை நீக்கி நம்பரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே ஒரு நீல லாஞ்சு. அதற்கு அப்பால் இன்னும் இரண்டு. நீல லாஞ்சு யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் பெரியப்பா மகன் ஓட்டுவது. நான் அண்ணன் என்று கூப்பிடுகிற ஆள். வயர்லெஸ்ஸை அவர் வைத்தாலும் அது அவரை விடாது, அவ்வளவு பேசுவார்.

என் மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"இன்னா மாமா இது? இவனுங்களுக்கு யாரு சொன்னது?"

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். கரையில் அண்ணன் லாஞ்சு ஆட்களோடு சுற்றுகிறவன் அவன்தான். பெட்டியைப் பார்க்கும் தூரத்தில் அடிக்கடி நிற்கிறவனும் அவன்தான். அவன்தான் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன். ஆனாலும் கேட்கவில்லை. அந்த டிரிப் முழுக்க அவனோடு பேசாமல் கோபமாக இருந்தேன். நான் கோபமாக இருப்பது அவனுக்குத் தெரியவே இல்லை. எப்போதும் போல இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சோறு போட்டுக் கொடுத்தான், பாட்டு பாடினான். என் மாதிரி ஆளுக்கு இது ஒரு கஷ்டம்.

அண்ணனும் மற்ற இருவரும் அங்கே சும்மா சுற்றினார்களே தவிர, பெரிதாக ஒன்றும் கிடைத்த மாதிரி தெரியவில்லை. ஓரமாகவே இழுத்தார்கள். சந்து எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கண் எதிரே நான் வலை இறக்கினால் அதையும் தெரிந்துகொள்வார்கள். அதனால் வேறு பக்கம் போனோம். பாதி ஐஸ் பெட்டிகூட நிறையாமல் கரை ஏறினோம். ஓனர் ஏலத் திடலில் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அடுத்த டிரிப்பும் இப்படியே வந்தா, நான் வேற மாதிரி யோசிக்கணும்பா. தப்பா எடுத்துக்காத."

நான் "ம்" என்றேன். வேறு மாதிரி என்றால் வேறு டிரைவர். அந்தப் பாயிண்ட் கை நழுவிப் போனால், நாற்பத்தாறு வயதில், பேசவும் தெரியாத ஒரு டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்?

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தேன். மனைவி நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"நைனா, உன் போட்டோவ எத்தினி பேரு பார்த்தாங்க தெரியுமா? சூப்பர் சூப்பர்னு எழுதினு கீறாங்க."

"எங்க பார்த்தாங்க?"

"சைட்டுல. அதுல எல்லாரும் போட்டோ போடுவாங்க, எழுதுவாங்க. பெரியப்பா பொண்ணுகூட பார்த்துச்சு. அவங்க வூட்ல எல்லாருக்கும் காட்டுச்சாம்."

பெரியப்பா என்று அவள் சொன்னது நீல லாஞ்சு அண்ணனை. அவர் மகளும் அதே காலேஜில்தான் படிக்கிறாள்.

நான் சட்டையைப் போட்டுக்கொண்டேன். "வா, அத எனக்குக் காட்டு" என்றேன். மனைவி கரண்டியோடு வெளியே வந்து, "இன்னாயா, துன்னாம எங்க கிளம்பினே?" என்றாள். அதற்குள் நான் தெருவில் இறங்கியிருந்தேன்.

பிரௌசிங் சென்டருக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே ஏசி, பலகை வைத்துத் தடுத்த சின்னச் சின்ன அறைகள். என் மேல் மீன் வாடை அடிக்குமோ என்று கூச்சமாக இருந்தது. இரண்டு பேர் உட்கார முடியாத இடத்தில் நான் நின்றுகொண்டேன். அவள் எதையோ தட்டினாள். படம் மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. முதலில் கேபின் கூரை, பிறகு என் தலை, பிறகு முகம். நன்றாகத்தான் இருந்தேன். கண் திறந்திருந்தது. அப்புறம் தோள். தோளில் துண்டு.

அது பெட்டியின் துண்டு.

முகம் துடைக்க நான் எடுத்தது அதைத்தான். துடைத்துவிட்டுத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்திருக்கிறேன். என் காதுக்குப் பக்கத்தில் பெட்டி திறந்து கிடந்தது. கறுப்பு எழுத்தில் நம்பர், ஒரு எண் விடாமல், அச்சடித்தது போல.

"நல்லாருக்கு இல்ல நைனா? பெரியப்பா பொண்ணு இன்னும் பெருசா போடச் சொல்லுச்சு. அதான் பெருசு பண்ணிப் போட்டேன்."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. துண்டை எடுத்தது நான். டிரிப் முழுக்க மச்சானை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்னும் வெட்கம். படத்துக்குக் கீழே அவள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தாள். நான் விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். 'இது என் நைனா. கடலில் இவருக்குத் தெரியாத இடம் இல்லை.'

"இதுக்கு மேல இன்னா கீது?" என்று கேட்டேன்.

அவள் காட்டினாள். அவள் பெயர், பிறந்த நாள், காலேஜ், எங்கள் தெரு, வீட்டில் இருக்கும் செல்போன் நம்பர். அவள் எழுதியதெல்லாம் வரிசையாக இருந்தது. படிக்கப் படிக்க எனக்குப் பாயிண்ட் மறந்துபோனது. 'நைனா இன்று கடலுக்குப் போய்விட்டார். வர எட்டு நாள் ஆகும். வீட்டில் அம்மாவும் நானும்தான். போர் அடிக்கிறது.' நான் ஒவ்வொரு தடவை போனதும், வந்ததும் அதில் இருந்தது. கீழே முகம் இல்லாத ஒருவன், எந்த ஊர் என்று தெரியாதவன், 'போர் அடித்தால் என்னோடு பேசு' என்று எழுதியிருந்தான்.

"இவன் யாரு?"

"தெரியாது நைனா. யாரு வேணா எழுதலாம்."

"போன் பண்ணானா?"

அவள் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு வாட்டி யாரோ பண்ணாங்க. அம்மா ராங் நம்பர்னு வெச்சிட்டாங்க."

எனக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. பக்கத்து அறைகளில் ஆட்கள் வேறு இருந்தார்கள். அவள் காதருகே குனிந்து சொன்னேன்.

"நான் எங்க போறேன்னு கூடப் பொறந்த மாதிரி இருக்கிற அண்ணனுக்கே சொல்றதில்ல. நீ ஊருக்கே சொல்லினு கீறியேமா."

பிறகு படத்தில் பெட்டியைக் காட்டி, அது என்ன என்று சொன்னேன். காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள், துண்டு எதற்கு என்று அவளுக்கும் தெரியும். பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ நைனா" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழாத. துண்ட எடுத்தது நான்தான். நீ இல்ல."

அன்றைக்கே தெரு, நம்பர், கடலுக்குப் போகிற வருகிற கணக்கு எல்லாவற்றையும் அழித்தாள். படத்தையும் அழித்தாள். அழிக்கும் முன்னால் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். வாழ்க்கையில் நன்றாக வந்த ஒரே போட்டோ. திரும்பி நடக்கும்போது நான் பட்டாணி சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வீட்டுப் போனுக்கு வேறு சிம் போட்டோம். ராங் நம்பர் நின்றது.

ஆனால் அண்ணன் பார்த்தது பார்த்ததுதான்.

அடுத்த டிரிப்பில் நான் முடிவோடு போனேன். அவர் இருந்தாலும் சரி, கண் எதிரே வலை இறக்கி இழுப்பது. வேறு வழி இல்லை. வெயில் ஏறும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். நீல லாஞ்சு வடக்கே நின்றிருந்தது. நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன். அன்று நீரோட்டம் வடக்கேயிருந்து தெற்கே ஓடியது. அந்த மாதத்தில் அது அபூர்வம். போன தடவை நீர் தெற்கேயிருந்து வடக்கே போயிற்று, அண்ணனும் அதோடு ஓரமாக இழுத்துப் பிழைத்தார். இன்றைக்கு நீர் போகும் பக்கமாக இழுக்க நினைத்தால் வடக்கேயிருந்துதான் வருவார். நேராகக் கல்லின் மேல்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் வலையை இறக்கித் தெற்கு நோக்கி இழுக்கத் தொடங்கினார்.

என் மச்சான் பக்கத்தில் வந்து நின்றான். "வரட்டும் மாமா. வலை கிழிஞ்சா அடுத்த வாட்டி இந்தப் பக்கம் தல வெச்சிப் படுக்க மாட்டான்."

நானும் ஒரு நிமிஷம் அதையே நினைத்தேன். இல்லையென்று சொன்னால் பொய். வலை கிழிந்தால் பேசாமல் போய்விடுவார், இடம் மறுபடியும் எனக்கு. ஆனால் வலை கிழிந்தால் பரவாயில்லை. கிழியாமல் மாட்டிக்கொண்டால்? கல்லில் வலை பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து நீர் தள்ள, என்ஜினும் முழு வேகத்தில் ஓடினால் லாஞ்சின் பின்பக்கம் அமுங்கும். தண்ணீர் உள்ளே ஏறும். அப்படிப் போன லாஞ்சை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் லாஞ்சில் எட்டு பேர்.

மைக்கை எடுத்தேன். கடலில் அந்த நேரத்தில் எல்லா லாஞ்சிலும் வயர்லெஸ் ஓடிக்கொண்டிருக்கும். நான் பேசினால் எல்லோரும் கேட்பார்கள்.

"அண்ணே."

"யாரு அது?"

"நான்தான்."

வேறு ஏதோ லாஞ்சிலிருந்து ஒரு குரல் குறுக்கே வந்தது. "டேய், ஊமை டிரைவர் பேசுதுடா! இன்னிக்கு மழ ஊத்தும், ஐஸ மூடுங்கடா!"

"அண்ணே, வலைய தூக்கு. முன்னால கல்லு கீது."

அண்ணன் சிரித்தார். "கல்லா? நீ எப்ப கொண்டாந்து போட்ட?"

"மெய்யாலும் அண்ணே."

"டேய் தம்பி. கல்லு கீது, கல்லு கீதுன்னு சொல்லித்தான் இங்க எல்லாரும் ஒருத்தன ஒருத்தன் வெரட்டினு கீறோம். என்னாண்டயே ரீல் வுடுறியே. இத்தினி வருசம் வாயத் தொறக்காதவன், பாயிண்ட்டுக்காக இன்னா பேச்சு பேசற பாரு!"

அவர் மேல் தப்பில்லை. வயர்லெஸ்ஸில் உண்மை வரும் என்று யார்தான் நம்புவார்கள்? லாஞ்சு தெற்கே வந்துகொண்டிருந்தது. என்ஜின் சத்தம் காற்றில் கேட்டது.

பெட்டியிலிருந்து துண்டை இழுத்தேன். பார்க்கத் தேவையில்லை, மனப்பாடம். ஆனாலும் தப்பு வந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டேன். மைக்கை வாய்க்கு அருகில் வைத்து, கல் வரிசை தொடங்கும் நம்பரைச் சொன்னேன். முடியும் நம்பரைச் சொன்னேன். மச்சான் என் கையைப் பிடித்தான். "மாமா, இன்னா பண்றே நீ? எல்லாரும் கேக்கறாங்க மாமா!" கையை உதறிவிட்டேன். நடுவே சேற்றுச் சந்து என்றேன். வாய் தெற்கே, வடக்கே அடைப்பு, கிழக்கே எந்த நம்பரில் திரும்ப வேண்டும், எல்லாவற்றையும் சொன்னேன். என் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல். பிறகு அண்ணன் குரல். அது என்னிடம் பேசியது இல்லை, அவர் ஆட்களிடம் கத்தியது.

"நம்பர சொல்றான்டா! தன் வாயால நம்பர சொல்றான்! வலைய தூக்குங்கடா, தூக்கு, தூக்கு!"

என்ஜின் சத்தம் குறைந்தது. வலையைத் தூக்கும் வின்ச் சுற்றும் சத்தம் கேட்டது. நீல லாஞ்சின் பின்பக்கம் ஒரு தடவை அமுங்கி, மறுபடி எழும்பியது. வலை வந்தபோது ஒரு ஓரம் முழுக்கக் கிழிந்திருந்தது. கல் லேசாகத் தொட்டதோடு விட்டிருந்தது.

அப்புறம் எங்கேயோ தூரத்து லாஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்.

"யோவ் ஊமை டிரைவரு, நாங்களும் கேட்டுகினுதான் கீறோம். நீ பாட்டுக்கு மெயிலு வண்டி மாதிரி போயிட்டே. இன்னொரு வாட்டி நெதானமா சொல்லுபா, பேனா கெடைக்கல."

என் மச்சானே சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். போனது போயிற்று என்று இன்னொரு முறை நிதானமாகச் சொன்னேன். எழுதிக்கொள்பவர்கள் "ஆங்", "ஆங்" என்று சொல்லும் சத்தம் இரண்டு மூன்று லாஞ்சிலிருந்து வந்தது.

பிறகு நான் தெற்கே போய் முதல் ஆளாகச் சந்துக்குள் வலை இறக்கினேன். அண்ணன் வேறு வலை மாட்டிக்கொண்டு, தூரத்தில் நின்று பார்த்து, என் பின்னால் அதே வழியில் வந்தார். கிழக்கே திரும்ப வேண்டிய இடம் வந்ததும், "இப்பவா தம்பி?" என்று கேட்டார். "இப்பத்தான் அண்ணே" என்றேன். இரண்டு லாஞ்சிலும் சங்கரா ஏறியது.

கரையில் ஓனருக்குக் கதை எனக்கு முன்னால் போய்விட்டிருந்தது. காசிமேட்டில் மீனைவிடக் கதை சீக்கிரம் விற்றுவிடும். அவர் ஏலத் திடலில் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேசுவியா நீ?" என்றார். அதற்கும் "ம்" என்றேன். வேறு மாதிரி யோசிப்பது பற்றி அப்புறம் அவர் பேசவில்லை. இடம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது உண்மைதான். ஆனால் நீர் மாறும் நாளில் சந்துக்குள் எப்படிப் போவது என்று இன்றைக்கும் மற்ற டிரைவர்கள் வயர்லெஸ்ஸில் என்னைத்தான் கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். நான் சொன்னால் நம்புகிறார்கள்.

அண்ணன் டீக்கடையில் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "உன் மூஞ்சிய நான் எங்கடா பார்த்தேன்? என் பொண்ணு சித்தப்பா போட்டோ, சித்தப்பா போட்டோன்னு காட்டுது. நான் பின்னால பெட்டியத்தான் பார்த்தேன். திருட்டுப் புத்தி. வுடு" என்றார். பிறகு சுற்றும் பார்த்துவிட்டு என் காதில் ஒரு நம்பரைச் சொன்னார். "வவ்வா மீனு. பொரட்டாசி வாக்குல போ. வூட்டுக்காரிக்குக்கூட சொல்லாத."

நான் நம்பவில்லை. அவர் வாயிலிருந்து வந்த நம்பராயிற்றே. புரட்டாசியில் சும்மா போய்ப் பார்ப்போம் என்று போனேன். மடியைத் தூக்கியபோது வெள்ளி வெள்ளியாக வவ்வால். அதை நான் எங்கேயும் எழுதவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.

பழைய பாயிண்ட்டுக்கு இப்போது 'துண்டு' என்று பெயர் வந்துவிட்டது. வயர்லெஸ்ஸில் "எங்க கீறே?" என்று கேட்டால், "துண்டுல கீறேன்" என்கிறார்கள். என்னைக் கிண்டல் செய்யத்தான் வைத்தார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

பெண் இப்போதும் அந்தத் தளத்துக்குப் போகிறாள். போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதையாவது போடும் முன், "நைனா, இத போடலாமா?" என்று கேட்கிறாள். எனக்கு அதில் பாதி புரியாது. ஆனாலும் பெட்டி, தெரு, போகிற நாள், வருகிற நாள் இவை ஏதாவது தெரிகிறதா என்று ஓரம் ஓரமாகப் பார்த்துவிட்டுச் சரி என்பேன். போன மாதம் மச்சான் மறுபடியும் ஒரு போட்டோ எடுத்தான். பெட்டி மேல் துண்டு இருக்கிறது. என் முகத்தில் வடச்சட்டி எண்ணெய் வழிகிறது. அவள் அதைத்தான் போட்டிருக்கிறாள். கீழே என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் கூட்டிப் படித்தேன். 'என் நைனா' என்று மட்டும் இருந்தது.

மனைவி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "மூஞ்ச தொடச்சிகினு நின்னா இன்னாயா?" என்று கேட்டாள். மறுநாள் கடலுக்குக் கிளம்பும்போது பையில் இன்னொரு துண்டை வைத்து அனுப்பினாள். இப்போது என் கேபினில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன.